அன்ரனெற்றின் சீமோன்

அன்ரனெற்றுக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகுதான் முதன்முறையாக ஒரு மனிதர் அவளுக்காகக் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

ஸ்காபரோவில் எங்கள் பங்குக் கோயில். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது. முதல் நாள் பெய்த உறைமழையில் பார்க்கிங் முழுவதும் கண்ணாடிபோல் கிடந்தது. விழுந்துவிடாமல் காலை இழுத்து இழுத்து அவள் தன் காரருகே வந்தால், கதவு உறைந்து ஒட்டிப்போயிருந்தது. பக்கத்துக் காரிலிருந்து இறங்கி வந்தவர் சாம்பல் நிறக் கோட்டும் கழுத்தைச் சுற்றிய கம்பளித் துணியுமாக உயரமாக இருந்தார். கதவின் மேல்விளிம்பில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினார். திறந்தது.

"பாத்து ஏறுங்கோ" என்றார். அவள் ஏறி, பெல்ட் போட்டு முடியும்வரை கதவைப் பிடித்தபடியே நின்றார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அவர் பெயர் சீமோன். மொன்றியலில் இருந்து வந்தவர் என்றும், மனைவி காலமாகிப் பல வருடங்கள் என்றும், காப்புறுதிக் கொம்பனி ஒன்றில் இருந்து ஓய்வு பெற்றவர் என்றும் சொன்னார். வயது அறுபதை ஒட்டி இருக்கும். பெண்கள் உட்காரும்வரை தான் உட்காரமாட்டார். வீட்டுக்கு வந்தால் சப்பாத்துகளைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து, முனை வாசலைப் பார்க்கும்படி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். கோயிலில் வயதானவர்களின் கோட்டுகளை வாங்கிக் கொழுவிவிடுவார். ஒரு மாதத்துக்குள் பங்கில் எல்லோருக்கும் அவர் 'சீமோன் அண்ணை' ஆகிவிட்டார்.

அன்ரனெற்றை எங்களுக்கு முன்பே தெரியும். ஊர்காவற்றுறையில் இருந்து இருபத்திரண்டு வயதில் தனியாக வந்து இறங்கியவள். தொழிற்சாலையில் பெட்டி கட்டினாள், இரவுப் பள்ளியில் ஆங்கிலம் படித்தாள், பிறகு ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் அமர்ந்தாள். தாயைக் கூப்பிட்டாள். தம்பி ஜெனாட்டைக் கூப்பிட்டாள். தங்கை மெலனியைக் கூப்பிட்டாள். கலியாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "ஜெனாட் வந்து சேரட்டும்" என்றாள். பிறகு "மெலனி படிச்சு முடிக்கட்டும்" என்றாள். அதற்குப் பிறகு தாய் படுக்கையில் விழுந்தார். தாயை அடக்கம் செய்து வந்த நாளில், இனி எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று அவளிடம் கேட்க ஒருவரும் இருக்கவில்லை.

அவள்மீது சனத்துக்கு இருந்த நம்பிக்கை வேறு மாதிரி. விடுமுறைக்குப் போகிறவர்கள் வீட்டுத் திறப்பை அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். பூஞ்செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் கடிதப் பெட்டியைப் பார்க்கவும் வெள்ளை மீன் வளர்க்கிற வீட்டில் மீனுக்குத் தீன் போடவும் அவள் போய்வருவாள். இப்போது சீமோனும் கூடப் போனார். அவளைத் தனியே பனியில் கார் ஓட்ட விடமாட்டேன் என்று சொன்னார். வசந்தம் வருவதற்குள் அவருடைய பேச்சில் மரியாதையான 'நீங்கள்' போய் நெருக்கமான 'நீர்' வந்தது. "நீர் குளிருக்குள்ள நிக்காதையும்." "நீர் சாப்பிட்டிட்டீரோ?" அந்த 'நீர்' என்ற சொல்லுக்காகவே அவள் ஏதாவது கேள்வியைத் தேடிப்பிடித்துக் கேட்பாள் என்று பிறகு ஒருநாள் மெலனியிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்த வருடம் தமிழ் வானொலியில் திரும்பத் திரும்ப ஒரே பேச்சு. மார்க்கம் நகரிலும் றிச்மண்ட் ஹில்லிலும் தமிழர் வீடுகளில் நகை போய்க்கொண்டிருந்தது. கதவு உடைபடவில்லை, யன்னல் உடைபடவில்லை. இழுத்த லாச்சிகள் திரும்ப மூடியிருந்தன. வெளியே முழங்காலளவு பனி கிடந்த நாளிலும் உள்ளே கம்பளத்தில் ஓர் ஈர அடையாளம் இல்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்று பொலிஸ்காரரே வியந்தார்களாம். தாலிக்கொடி கையில் அகப்பட்டால் மட்டும் அதை எடுப்பதில்லை. மேசையில், சட்டைப்பையில் மடித்து வைக்கிற கைலேஞ்சி ஒன்றை விரித்து, அதன்மேல் வைத்துவிட்டுப் போய்விடுவான். வானொலியில் யாரோ அவனுக்குக் 'கனவான் கள்ளன்' என்று பெயர் வைத்தார்கள். "கள்ளனெண்டாலும் வளர்ப்பு நல்லது" என்று ஒரு பெண் தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு, காருக்குள் அன்ரனெற் வாய்விட்டுச் சிரித்தாள்.

சீமோன் சிரிக்கவில்லை. "வீட்டுக்காரருக்கு அது சிரிப்பாய் இராது" என்றார். வானொலியை மெதுவாக அணைத்தார். எவ்வளவு இரக்கமான மனிதர் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஜெனாட் ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கியிருந்தான். அவன் மனைவி றீற்றா, மூன்று பிள்ளைகள், பாரிசவாதத்தில் கிடந்த றீற்றாவின் தகப்பன் எல்லோரும் அங்கே இருந்தார்கள். தகப்பனைப் பார்த்துக்கொள்ள நிரூபா என்ற இளம் பெண் ஒரு முகவர் நிலையத்தில் இருந்து வந்துபோவாள். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து அதிக காலம் ஆகவில்லை. அவளுடைய அகதிக் கோரிக்கை இன்னும் விசாரணையில் இருந்தது. ஒரு ஞாயிறு அன்ரனெற்றும் சீமோனும் அங்கே சாப்பிடப் போனார்கள். அன்ரனெற்றின் இரண்டு கையிலும் சோற்றுச் சட்டி. கராஜ் கதவுக்கு முன்னால் நின்று, "நீங்கள் அமத்துங்கோ" என்று கதவு திறக்கிற இரகசிய இலக்கங்களை அவள்தான் சொன்னாள். அவர் ஒவ்வொன்றாக அமத்தினார்.

ஜெனாட்டின் கடைசி மகளுக்குக் கோயிலில் முதல்நன்மைச் சடங்கு வந்தது. மார்க்கத்தில் ஹோல் எடுத்துப் பெரிதாகக் கொண்டாடினார்கள். றீற்றாவின் தகப்பனையும் சக்கர நாற்காலியில் கூட்டிவந்திருந்ததால் வீட்டில் ஒருவரும் இல்லை. நிரூபாவுக்கு அன்று லீவு. சாப்பாடு தொடங்க முன்னர் சீமோன் அன்ரனெற்றின் காதருகே குனிந்தார்.

"எனக்குத் தலை இடிக்குது. ஒரு குளிசை வாங்கிப் போட்டிட்டு வாறன். நீர் சாப்பிடும்."

கேக் வெட்டும்போது திரும்பி வந்துவிட்டார். கையில் அவளுடைய சால்வை. "ஹோல் குளிருது எண்டு சொன்னீர். காரில கிடந்தது" என்று அவளுடைய தோளில் போர்த்திவிட்டார். பக்கத்தில் இருந்த மெலனி அக்காவைக் கிள்ளினாள். அன்று எடுத்த படம் ஒன்று இருக்கிறது. அதில் அன்ரனெற் கமராவைப் பார்க்கவில்லை. போர்த்திவிடுகிற கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வீட்டுக்குப் போன றீற்றாவின் அலறல்தான் அடுத்தது. தாயார் விட்டுப்போன அட்டியல், காப்புகள், பிள்ளைகளின் சங்கிலிகள் எல்லாம் போயிருந்தன. தாயாரின் தாலிக்கொடி மட்டும் ஒரு வெள்ளைக் கைலேஞ்சியின்மேல் இருந்தது.

கராஜ் இலக்கம் தெரிந்த வெளியாள் யார் என்று பொலிஸ் கேட்டபோது, றீற்றா நிரூபாவின் பெயரைச் சொன்னாள். முகவர் நிலையம் நிரூபாவை அன்றே நிறுத்தியது. பொலிஸ்காரர் அவளை இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். அவள் அன்ரனெற்றுக்குத் தொலைபேசி எடுத்து அழுதாள்.

"அன்ரி, கேஸ் எண்டு வந்தா என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவினம். நான் அவையின்ர வீட்டில ஒரு குண்டூசி எடுத்ததில்லை. நீங்கள் ஒருக்கா அவையோட கதையுங்கோ."

அன்ரனெற் கதைத்தாள். றீற்றா கேட்கவில்லை. "அப்ப ஆர் மச்சாள்? நீங்களா, நானா?" என்று கேட்டாள்.

சில வாரங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் ஜெனாட் வீட்டில் இருந்தார்கள். றீற்றாவின் தகப்பன் குளிரில் நடுங்கினார். றீற்றா அவருக்குச் சூப் பருக்கிக்கொண்டிருந்தபடியால், படிக்கட்டின் அருகே நின்ற சீமோனைப் பார்த்து, "அண்ணை, மேல எங்கட அறையில ஒரு கம்பளி கிடக்குது, எடுத்துத் தாறீங்களோ?" என்றாள்.

அந்த அறைக் கதவு இறுகிப்போய்க் கிடப்பது. புது வீடு, மரம் ஊதிவிட்டது. ஜெனாட்டே தோளால் இடித்துத்தான் திறப்பான். பிள்ளைகளால் திறக்க முடியாது. சீமோன் மாடிக்கு ஒருநாளும் போனதில்லை. பாவம், சிரமப்படப் போகிறாரே என்று அன்ரனெற் பின்னாலேயே ஏறினாள்.

படியின் திருப்பத்தில் நின்று அவள் கண்டாள். சீமோன் கைப்பிடியைப் பிடித்துச் சற்று மேலே தூக்கி, கீழ்மூலையில் முழங்காலை வைத்து அழுத்தினார். கதவு ஒரு சத்தமும் இல்லாமல் திறந்தது.

அவர் கம்பளியுடன் திரும்பியபோது அவள் அதே படியில் நின்றுகொண்டிருந்தாள். அவர் கம்பளியைக் கொண்டுபோய்க் கிழவரின் காலில் போர்த்தி, இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டார். தேநீர் குடித்தார்கள். விடைபெற்றுக்கொண்டார்கள். அவர் அவளுக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

வழியில் ஒரு பிளாசாவின் பார்க்கிங்கில் நிறுத்தச் சொன்னாள்.

"அந்தக் கதவு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கேக்காதையும், அன்ரனெற்."

"கேட்டிட்டன்."

அவர் இரண்டு கையையும் ஸ்ரியரிங்கில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தார். ஒரு தாயும் பிள்ளையும் மரக்கறிப் பைகளுடன் காருக்கு முன்னால் கடந்துபோனார்கள். அவர்கள் போய்முடிந்த பிறகு, "நான்தான்" என்றார்.

"மற்ற வீடுகளும்?"

"ஓம்."

"நான் திறப்பு வச்சிருந்த வீடுகள்?"

"அதுகளில ரெண்டு. மொன்றியலிலயும் எனக்கு இதுதான் வேலை. காப்புறுதிக் கொம்பனி எண்டது பொய். மனுசி செத்ததெண்டது பொய். விட்டிட்டுப் போனவ. ஆரையும் நான் தொட்டதில்லை. ஒரு கதவைக்கூட உடைச்சதில்லை."

"உடைக்காட்டில்?"

அவர் ஸ்ரியரிங்கில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்தார்.

"அதுக்காகத்தான் என்னட்ட வந்தனீங்களோ?"

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

"துவக்கத்தில ஓம்" என்றார் சீமோன். "கோயிலில உம்மட கையில அவ்வளவு திறப்பைக் கண்டுதான் வந்தனான். பிறகு அப்பிடி இல்லை. நீர் நம்பினாலும் சரி, நம்பாட்டிலும் சரி."

அவள் நம்பினாள். அதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. அவர் பொய் சொல்லியிருந்தால் கதவைத் திறந்து இறங்கிப் போயிருப்பாள்.

"அந்தப் பிள்ளை நிரூபாவைத் திரும்பவும் திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்கினம்."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டும் என்னோட இருந்து தேத்தண்ணி குடிச்சனீங்கள்."

அவர் அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார். "நான் போறன். சொல்லிப்போடுறன். உம்மட கையால ஒருக்காச் சாப்பிட்டிட்டுப் போறன், அவ்வளவுதான்."

ஞாயிறு பூசைக்கு இருவரும் போகவில்லை. அவள் கணவாய்க் கறி வைத்து, புட்டு அவித்தாள். அவர் அமைதியாகச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார். தட்டைத் தானே கழுவித் துடைத்து வைத்தார். பொலிஸ் நிலையத்துக்கு அவள்தான் கார் ஓட்டினாள். வாசலில் அவளும் பெல்ட்டைக் கழற்றியபோது, அவர் கையைக் காட்டி மறித்தார்.

"நீர் வராதையும். நீர் இதில இல்லை."

ஆனால் பொலிஸ் அப்படி நினைக்கவில்லை. நகை பறிபோன சில வீடுகளுக்கு இருவரும் சேர்ந்துதான் போயிருக்கிறார்கள். திறப்பு அவளிடம் இருந்தது. கராஜ் இலக்கத்தை அவளே வாயால் சொல்லியிருக்கிறாள். அவளுடைய அப்பார்ட்மென்டுக்குள் புகுந்து தாயின் உடுப்புப் பெட்டிவரை கிளறினார்கள். அவள்மீதும் வழக்குப் பதிந்தார்கள். கிளினிக்கில் இருந்த பல் வைத்தியர் நல்ல மனிதர்தான். ஆனாலும் "வழக்கு முடியும்வரை வீட்டில் இருங்கள்" என்றார். திறப்புக் கொடுத்தவர்கள் வந்து வாசலில் நின்றபடியே வாங்கிக்கொண்டு போனார்கள். சிலர் பூட்டையே மாற்றினார்கள்.

ஜெனாட் ஒருநாள் தனியாக வந்தான். கோட்டைக் கழற்றாமல் கதிரை நுனியில் இருந்தான்.

"அக்கா, உண்மையைச் சொல்லு. உனக்கு முதலே தெரியுமோ?"

விமான நிலையத்தில் இதே தம்பிக்காகக் கையில் பெரிய குளிர்கோட்டுடன் காத்து நின்றவள் அவள். அவனைப் பார்த்தபடியே இருந்தாள். "தெரியாது" என்ற ஒரு சொல்லைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவன் எழுந்து போய்விட்டான்.

நீதிமன்றத்தில் சீமோன் எல்லாக் குற்றங்களையும் ஒப்புக்கொண்டார். விசாரணை இழுபடவில்லை. அதே சாம்பல் நிறக் கோட்டு, சவரம் செய்த முகம். நீதிபதி உள்ளே வந்தபோது எல்லோருக்கும் முதல் எழுந்து நின்றார். அன்ரனெற்றைப் பற்றி அவருடைய சட்டத்தரணி கேட்டார். அவர் தமிழில் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார். ஆகவே அன்ரனெற் அதை இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

"அவவுக்கு ஒண்டும் தெரியாது. நான் அவவைத் தெரிஞ்செடுத்தனான். கலியாணம் கட்டாத மனுசி, வயசு போட்டுது, ஊரெல்லாம் நம்புது. அப்பிடிப்பட்டவவுக்கு ஒரு கார்க் கதவைத் திறந்துவிட்டாக் காணும், என்னத்தையும் நம்புவா. துவக்கத்தில இருந்து கடைசிவரைக்கும் நான் அவவைப் பாவிச்சனான். அவவில எனக்கு ஒரு விருப்பமும் இருக்கேல்லை."

பின்வரிசையில் ஜெனாட், றீற்றா, மெலனி, பங்குச் சனம் பாதி. மெலனி அக்காவின் கையைப் பிடித்தாள். அன்ரனெற் கையை மெதுவாக விடுவித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த வாக்குமூலத்தோடு அவள்மீது இருந்த வழக்கைக் கைவிட்டார்கள். வெளியே நடைபாதையில் ஜெனாட் அழுதுகொண்டு மன்னிப்புக் கேட்டான். றீற்றா கட்டிப்பிடித்தாள். "தப்பினீங்கள் மச்சாள்" என்றாள். எல்லோரும் அவளுக்காகச் சந்தோசப்பட்டார்கள். கார்க் கதவு என்று அவர் சொன்னது அவளுக்கு மட்டும் காதுக்குள்ளேயே நின்றது. பார்க்கிங்கில் சொன்னது உண்மையா, இங்கே சொன்னது உண்மையா? தன்னை வெளியே விடுவதற்காக ஒரு மனிதன் இப்படி ஒரு பொய்யைச் சொல்வானா? பொய்யென்றால் ஏன் அது இவ்வளவு சரியாக இருந்தது? கலியாணம் கட்டாத மனுசி, வயசு போட்டுது. அதில் ஒரு சொல்லும் பிழையில்லையே.

நிரூபாவைத் தேடிப்போனாள். அவள் வேறு முகவர் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். உட்கார வைத்து மைலோ கரைத்துக் கொடுத்தாள்.

"அவர் என்னட்ட மன்னிப்புக் கேட்டவர் எண்டு லோயர் சொன்னவர், அன்ரி. உங்களிட்டக் கேட்டவரோ?"

"இல்லை."

நிரூபா எழுந்து, வீட்டில் கிடந்த முருங்கைக்காயைப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

சிறைக்கு ஒருமுறை அன்ரனெற் போனாள். ஒருவருக்கும் சொல்லவில்லை. லின்சேவரை தனியாகக் கார் ஓட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வந்து நின்றார். அவள் உட்காரும்வரை நின்றுவிட்டுத் தானும் உட்கார்ந்தார். சிறையின் செம்மஞ்சள் தோடம்பழ நிற உடுப்பு அவருக்குப் பெரிதாக இருந்தது. இருவரும் தொலைபேசியை எடுத்தார்கள்.

"நான் ஒண்டுதான் கேக்க வந்தனான்" என்றாள். "கோர்ட்டில சொன்னது..."

"நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கத் தேவையில்லை" என்றார் சீமோன்.

அவள் முதலில் தான் பிழையாகக் கேட்டுவிட்டதாக நினைத்தாள்.

"என்னை அப்பிடிக் கூப்பிடாதேங்கோ."

"எல்லாத்தையும் கோர்ட்டில சொல்லிட்டன். அதுக்கு மேல சொல்ல ஒண்டுமில்லை." அவருடைய முகத்தில் கோயிலில் வயதானவர்களின் கோட்டை வாங்கும்போது இருக்கிற அதே மரியாதை. "பின்னேரம் ஸ்னோ கொட்டும் எண்டு சொல்லினம். நீங்கள் வெளிச்சத்தோட வீட்டுக்குப் போங்கோ."

"நீர் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. அது காணும்."

அவர் தொலைபேசியை வைத்தார். எழுந்து, அவள் எழும்புவதற்காகக் காத்துநின்றார். அவள் எழும்பவில்லை. காவலர் வந்து அவரைக் கூட்டிப்போனார். அடுத்த மாதம் மீண்டும் போக அனுமதி கேட்டபோது, கைதி சந்திக்க விரும்பவில்லை என்று சொன்னார்கள்.

கிளினிக்கில் திரும்ப வரச் சொன்னார்கள். அவள் போகவில்லை. ஒஷாவாவில் வேறு ஒரு பல் வைத்தியரிடம் வேலை எடுத்து, அங்கேயே ஒரு சின்ன இடத்துக்கு மாறினாள். எங்கள் கோயிலுக்கு வருவது குறைந்து, நின்றது. சீமோன் விடுதலையாகி எட்மன்ரனுக்குப் போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள். இல்லை, மொன்றியலில் கண்டதாக வேறு யாரோ சொன்னார்கள். அவள் தொலைபேசி எண்ணை மாற்றவில்லை. தெரியாத எண்ணில் இருந்து அழைப்பு வந்தால், கூரை திருத்துகிறவர்களானாலும் தளபாடம் விற்கிறவர்களானாலும், எடுத்து முழுவதும் கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். மெலனி அதைக் கண்டிருக்கிறாள். அதைப் பற்றி அவள் அக்காவிடம் கேட்டதில்லை.

போன கோடையில் மெலனியின் மூத்த மகளுக்குக் கலியாணம். றிச்மண்ட் ஹில்லில் வரவேற்பு. பெரியம்மா வந்தே ஆகவேண்டும் என்று பெண் அடம்பிடித்ததால் அன்ரனெற் வந்தாள். நீலச் சேலை உடுத்தியிருந்தாள்; மெலிந்திருந்தாள். அவளுக்குக் கொடுத்திருந்த மேசையில் லண்டனில் இருந்து வந்த றீற்றாவின் மாமி ஒருவர் ஏற்கெனவே அமர்ந்திருந்தார். பக்கத்துக் கதிரையில் அவருடைய கைப்பை இருந்தது. அன்ரனெற் அந்தக் கதிரையைத் தொட்டு, "இதில ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை, இரும்" என்றார் மாமி. பிறகு முகத்தை உற்றுப் பார்த்தார். யாரென்று விளங்கியது. கைப்பையை எடுத்து மடியில் வைத்து, அதன் வாரைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். அப்படிச் செய்ததை அவரே உணர்ந்து, சங்கடத்தோடு சிரித்தார்.

அன்ரனெற் உட்கார்ந்தாள். லண்டனில் இப்போது வெயிலா என்று விசாரித்தாள். மேசையில் வைத்திருந்த தன்னுடைய கைப்பையையும் எடுத்து, மாமியைப் போலவே மடியில் வைத்துக்கொண்டாள்.